பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் எட்டு பிட் காலத்துக் கம்ப்யூட்டர்கள் ஏழு இருக்கின்றன. ஏழும் ஓடுகின்றன. அம்பை, தென்காசி, வள்ளியூர் என்று பல ஊர்களிலிருந்து ஆட்கள் போன் செய்கிறார்கள். சிலர் மெஷினையே துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

எதையெல்லாம் பழைய கம்ப்யூட்டர்னு சொல்லுதீங்க? எங்க வீட்டுல பெண்டியம் ஒண்ணு கெடக்கு.

நான் சொல்வது அதற்கும் முந்தையது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் இருக்கும். டிவியில் மாட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் புரோகிராம் எழுதும் பேஸிக் மொழி வந்து நிற்கும். பிபிசி மைக்ரோ (1981), இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 (இரண்டும் 1982), எம்எஸ்எக்ஸ் வகைகள் (1983) எல்லாம் இந்தக் கூட்டம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 6502 குடும்பத்துச் சிப், இல்லாவிட்டால் இசட்80.

பெண்டியம் 1993-இல் வந்தது, அது வேறு தலைமுறை. தூக்கிப் போடாதீர்கள், ஆனால் இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

இந்த மெஷினெல்லாம் நம்ம ஊருக்கு எப்படி வந்து சேந்துச்சு?

எனக்குத் தெரிந்து மூன்று வழி. முதல் வழி பள்ளிக்கூடம். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினித் திட்டம் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவை. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் வரிசையாகப் போன தலைமுறைக்கு அந்தச் சிவப்பு ஃபங்ஷன் கீகள் மறக்காது. இரண்டாவது, கடையில் வாங்கியது: டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை இங்கேயே செய்து விற்றது.

மூன்றாவது வழி வளைகுடா. குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 'சக்ர்' என்ற பெயரில் அரபு எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்களை விற்றது. மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த சக்ர் மெஷினில் கீ ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்தும் அரபு எழுத்தும் சேர்ந்தே இருந்தன. அவர் வாப்பா 1980-களில் பெட்டி கட்டி அனுப்பியது. ஸ்கிரீனில் அரபு தெரிந்ததும் 'கெட்டுப்போச்சு' என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார்களாம். கெடவே இல்லை.

உள்ள தங்கம் இருக்காமே, உருக்கி எடுக்கலாமா?

சில கனெக்டர்களிலும் சில சிப்புகளிலும் முலாம் அளவுக்கு இருக்கும். அதை எடுக்கக் கொட்டும் ஆசிட் உங்கள் நுரையீரலுக்கும் கிணற்றுக்கும் செய்யும் கெடுதிக்கு அது ஈடாகாது. ஒரு பள்ளிக்கூடம் பன்னிரண்டு மெஷின்களை எடைக்குப் போட்டதைக் கேள்விப்பட்டு நான் பழைய இரும்புக் கடைக்கு ஓடியபோது, மிஞ்சியது மூன்று கீபோர்டு மட்டும். தயவுசெய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அண்ணாச்சி, பரண்ல இருந்து எறக்கிட்டேன். பிளக்க மாட்டிப் பாக்கட்டா?

வேண்டாம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முப்பது வருடம் சும்மா கிடந்த மெஷினை ஒரே சுவிட்சில் கொன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் முதன்முதலில் வந்த காமடோரை நானே அப்படித்தான் இழந்தேன்.

முதலில் மூடியைக் கழற்றுங்கள். நம் ஊர்ப் பரணில் கிடந்த மெஷினுக்குள் பல்லி முட்டை, எறும்பு கட்டிய மண், கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி வெளியே எடுங்கள். பல்லி எச்சம் காய்ந்து ஒட்டிய இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கீகளைக் கழற்றிக் கழுவ வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். ஆனால் போர்டில் போர் தண்ணீர் படக்கூடாது. காய்ந்தபின் உப்புப் பூத்து நிற்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

அப்புறம் பவர் சப்ளை. டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு தெரியுமா? 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் போட்டு, அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உடனே நிறுத்துங்கள். முக்கியமானது: இந்தச் சோதனையின்போது சப்ளை கம்ப்யூட்டர் போர்டோடு சேர்ந்திருக்கக் கூடாது. 5 வோல்ட் லைனுக்குக் குறுக்கே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, பல்பை எடுத்துவிட்டு, மீட்டரில் பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நின்றால் போர்டில் மாட்டலாம். பிபிசி போன்ற ஸ்விட்சிங் சப்ளைகளில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கை உருவிய பிறகும். பழக்கமில்லாதவர்கள் பக்கத்து டிவி மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இது தெரிந்த வேலைதான்.

சுவிட்ச் போட்டு அரை மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு பொகையா வந்துட்டு. போச்சா?

பிபிசி மைக்ரோவாக இருந்தால் பெரும்பாலும் போகவில்லை. பிளக்கை உருவுங்கள், ஜன்னலைத் திறங்கள். அதன் பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் பக்கம் ரிஃபா என்ற பெயர் போட்ட, ஒளி ஊடுருவும் மஞ்சள் கெப்பாசிட்டர் இரண்டு இருக்கும். உள்ளே உலோகப் பூச்சு பூசிய காகிதம். வருடங்கள் ஆக ஆக மேல் உறை மயிரிழையாக வெடிக்கும், காற்றின் ஈரம் உள்ளே போகும், மெயின்ஸ் கரண்ட் பட்டதும் பொசுங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழை மாதங்களில்தான் எனக்கு இந்தப் போன் அதிகம் வரும். நாற்றம் நாலு நாளைக்குப் போகாது. மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. புதிதாகப் போடும்போது உடம்பில் 'எக்ஸ்2' என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். அளவு ஒன்றுதானே என்று ஃபேன் கெப்பாசிட்டரைப் போடாதீர்கள். விலை மிகக் குறைவு. புகை வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

லண்டன்ல இருந்து மாமா கொண்டாந்தது. நம்ம கரண்டுக்குத் தாங்குமா?

தாங்கும். அங்கே 240 வோல்ட், இங்கே 230; இரண்டும் 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க மெஷின் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், படமும் நம் டிவி முறையில் வராது.

இரண்டு எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடாப்டரில் பின்னின் நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். பின் அழகாகப் பொருந்தும், மெஷின் போய்விடும். இரண்டாவது, காமடோர் 64-இன் பழைய சப்ளை. அது கெடும்போது 5 வோல்ட் குறையாது, ஏறும். ஏறியதும் மெமரி சிப்புகள் எரியும். நான் இழந்தேன் என்று சொன்னேனே, அது இப்படித்தான். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பழுது பார்ப்பதும் கஷ்டம். புது சப்ளை வாங்கிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் இடி இடித்தால் ஸ்டெபிலைசரை நம்பி உட்காராதீர்கள். பிளக்கையும் டிவி வயரையும் உருவிவிடுங்கள்.

டிவில ஒண்ணுமே தெரியல. வெறும் கொசு பறக்குற மாதிரி ஓடுது.

பிபிசி, ஸ்பெக்ட்ரம் இரண்டும் டிவிக்கு அனுப்புவது யுஎச்எஃப் அலைவரிசை, சேனல் 36 பக்கம். தூர்தர்ஷன் மட்டும் வந்த காலத்துச் சாலிடேர், டயனோரா செட்டுகள் பலவற்றில் யுஎச்எஃப் பிடிக்கும் வசதியே கிடையாது. எவ்வளவு திருகினாலும் கொசுதான். பிற்கால டிவியில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

நல்ல வழி, டியூனரையே தவிர்த்து, மஞ்சள் ஓட்டை இருக்கும் வீடியோ வழியில் கொடுப்பது. பிபிசியின் பின்னால் வீடியோ சாக்கெட் இருக்கிறது. கறுப்பு வெள்ளை வரும். போர்டில் எஸ்39 என்று குறித்த இடத்தில் ஒரு துண்டு வயரைப் பற்றவைத்தால் கலரும் வரும். ஸ்பெக்ட்ரத்தில், படத்தை டிவி அலைவரிசையாக மாற்றும் மாடுலேட்டர் பெட்டிக்குள் போகும் வீடியோ வயரை எடுத்து நேராக சாக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் ஆசிட் பேஸ்ட்டைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், போர்டை அரித்துவிடும். பிக்சர் டியூப் டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் தங்கும்.

பிபிசில 'பூ...ம்'னு சத்தம் நிக்கவே மாட்டேங்கு. ஸ்பெக்ட்ரத்துல கோடு கோடா வருது.

நல்ல பிபிசி சுவிட்ச் போட்டதும் இரண்டு சத்தம் போடும்: கனமாக ஒன்று, மெல்லிசாக ஒன்று. முதல் சத்தமே இழுத்துக்கொண்டு நின்றால், சிப் தன் வேலையைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். சாக்கெட்டில் நிற்கும் ரோம்களையும் (மெஷினின் நிரந்தரப் புரோகிராமை எழுதி வைத்த சிப்புகள்) மற்றப் பெரிய சிப்புகளையும் ஒவ்வொன்றாக மெதுவாகக் கிளப்பி, காலைத் துடைத்து, திரும்ப உட்கார வையுங்கள். நம் ஈரக் காற்றில் கால்கள் கறுத்திருக்கும். என்னிடம் வந்த பிபிசிகளில் பல இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிட்டன. ரோம் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால், நேர் வெயில் ஒரு வாரம் பட்டாலே உள்ளே எழுதியது அழியும்.

ஸ்பெக்ட்ரத்தில் கோடு வந்தால் மெமரியைப் பாருங்கள். கீழ் 16 கே-யில் உள்ள 4116 சிப்புகளுக்கு மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். 16-ஆம் காலைக் கிரவுண்டாக வைத்து 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-இல் 12, 9-இல் 5 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மைனஸ் 5 இல்லையென்றால் உடனே அணையுங்கள். அது இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சிப்புகள் வெந்துகொண்டிருக்கும். அந்த வோல்ட்டேஜ்களை உண்டாக்கும் இடத்தில் இருக்கும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரில்தான் பழி பெரும்பாலும் விழும்.

சிப்பு போயிட்டுன்னா இப்ப எங்க வாங்க?

லாஜிக் சிப்புகள், ரெசிஸ்டர், சாக்கெட் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கும். இசட்80-ஐ 1976 முதல் விற்ற ஜைலாக், பழைய 40 கால் வகைக்கு 2024-இல் கடைசி ஆர்டர் வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டது. சந்தையில் இருப்பு நிறைய உண்டு, பயமில்லை. 6502-இன் புது வடிவம் இன்னும் தயாராகிறது; ஆனால் பழைய சிப்பில் கிரவுண்டாக இருந்த 1-ஆம் கால் புதியதில் வெளியீட்டுக் கால். அப்படியே குத்தினால் ஷார்ட். அந்த ஒரு காலை சாக்கெட்டில் சேராமல் மடக்கிவிட வேண்டும்.

அந்தந்த மெஷினுக்கென்றே செய்த யுஎல்ஏ போன்ற தனிச்சிப்புகளைப் பழைய முறையில் இப்போது யாரும் செய்வதில்லை. ஸ்பெக்ட்ரம், பிபிசி இரண்டிலும் அவற்றைச் செய்தது ஃபெரான்டி. தொட்டால் சுடும். நெல்லைச் சித்திரை வெயிலில், சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க் ஒட்டாமல் ஓட்டாதீர்கள்.

எங்க ஊரு உவரி, உப்புக்காத்து. பீரோல பூட்டி வச்சா போதுமா?

பூட்டி வைத்தால்தான் கெடும். மாதம் ஒருமுறை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும், கெப்பாசிட்டரும் உயிரோடு இருக்கும். மற்ற நாட்களில் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கத்தில் சாரல் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுவது நல்லது. பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

தாராளமாகக் கும்பிடுங்கள், நானும் வருடம் தவறாமல் வைக்கிறேன். பொட்டை மெஷின் மேல் வைக்காமல் அது நிற்கும் பலகையில் வையுங்கள். பழைய பிளாஸ்டிக்கில் குங்குமக் கறை இறங்கினால் போகாது. ஈரச் சந்தனம் காற்றுத் துளை வழியே உள்ளே சொட்டும். பொரி, கடலையைக் கீபோர்டை விட்டுத் தள்ளி வையுங்கள். எறும்பு அதைத் தேடித்தான் உள்ளே வரும்.

மேல்மூடி மஞ்சளாயிட்டு. பழையபடி வெள்ளையாக்க முடியுமா?

முடியும். தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் கலவையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. பார்லர்களுக்கு விற்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைக் கையுறையோடு பூசி, பாலிதீன் சுற்றி வெயிலில் வைப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் வைத்தால் மூடி வளைந்துவிடும். மார்கழி, தை வெயில் போதும். நான் செய்வதில்லை. சில வருடத்தில் மஞ்சள் திரும்ப வரும், பிளாஸ்டிக்கும் நொறுங்கலாகிறது என்பது என் எண்ணம்.

போன்லயே எமுலேட்டர் ஓடுதே மாமா, பெறவு எதுக்கு இதக் கட்டிக்கிட்டு?

எமுலேட்டர், அதாவது பழைய மெஷினைப் போலவே நடிக்கும் புரோகிராம், நல்ல விஷயம். விளையாடிப் பார்க்கவும் பேஸிக் பழகவும் அதுவே போதும். ஆனால் உன் போனுக்குள் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லை. பிபிசியில் 32 கிலோபைட் ரேம். போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குள் அது நூறு முறை அடங்கும். 6502-இல் ஏறக்குறைய 3,500 டிரான்சிஸ்டர்கள். சர்க்யூட் படம் ஒரே தாளில் முடிந்துவிடும். கீயை அழுத்தியதும் எந்த வயரில் என்ன போகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள முடியும், என் அறையில் இரண்டு பேர் கற்றுக்கொண்டார்கள். அந்த வயரும் சிப்பும் கையில் இருக்க வேண்டுமானால் மெஷின் உயிரோடு இருக்க வேண்டும்.

இதுல தமிழ் வருமா?

வரும், நீங்களே வரைந்தால். ஒரு எழுத்து என்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம், கோலம் மாதிரிதான். வரிசைக்கு ஒரு எண், மொத்தம் எட்டு எண். பிபிசியில் மோடு 7 தவிர மற்ற மோடுகளில் (மோடு என்பது திரை காட்டும் முறை) விடியு (VDU) 23,224,0,66,66,66,66,66,126,0 என்று கொடுங்கள், 'ப' தயார். அடுத்து விடியு 23,225,0,64,64,64,64,64,126,0 என்றால் 'ட'. பிறகு விடியு 224,225 என்று அடித்தால் திரையில் 'பட' என்று வரும். இந்தக் கட்டளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மோடு 7-இல் எழுத்துகள் தனிச் சிப்பில் பதிந்திருப்பதால் இது நடக்காது.

சிக்கல் இதற்கு மேல்தான். 247 எழுத்தையும் வரைய வேண்டாம். கால், கொம்பு, இணைக்கொம்பு, கொக்கி எல்லாம் தனித்தனியே வைத்துச் சேர்க்கலாம். ஆனால் உகர, ஊகார வரிசை மெய்க்கு மெய் வடிவம் மாறும்: கு, சு, டு, மு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அவை மட்டுமே 36. எல்லாம் சேர்த்து எழுபதுக்கு மேல் வடிவம் வேண்டும். ஸ்பெக்ட்ரம் தருவது 21 இடம், பிபிசி 32. பிபிசியில் எஃப்எக்ஸ் 20 (*FX 20) கட்டளையால் கூட்டலாம்; 32 எழுத்துக்கு 256 பைட் நினைவகம் போகும், பேஸிக் தொடங்கும் இடத்தையும் அந்த அளவுக்கு மேலே தள்ளிவைக்க வேண்டும். ண, ஞ, ஐ மூன்றும் எட்டுப் புள்ளி அகலத்தில் மூச்சுமுட்டும். நான் அவற்றுக்கு இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறேன். ணகரத்தின் சுழியைக் குறைத்து 'ன' போலக் காட்ட மட்டும் மனம் வரவில்லை.

கேசட்டு லோடு ஆகமாட்டேங்கு. எங்க அப்பா எழுதுன புரோகிராம் அதுல இருக்கு.

அப்படியென்றால் கம்ப்யூட்டரில் லோடு செய்வதை இப்போதே நிறுத்துங்கள். டேப்பை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்ட வேண்டாம், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டும், டேப்பும் கிழியும். சுத்தமாக இருந்தால், ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்த நல்ல கேசட் டெக்கில் (டேப் ரிக்கார்டரில்) ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, சத்தத்தை அப்படியே லேப்டாப்பில் பதிவு செய்யுங்கள். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவைக் கால் திருகு திருகி, கீச்சுச் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பதிவான டெக்கில் ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ அந்தச் சாய்வு வந்தால்தான் படிக்கும். நாலைந்து முறை பதிவு செய்து வைத்துக்கொண்டால், அப்புறம் டேப்பைத் தொடவே வேண்டாம். போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ அந்தச் சத்தத்தை மெஷினுக்குக் கொடுக்கலாம், ஒலியளவை முக்காலுக்கு மேல் வைத்து.

எந்த மெஷினில் எழுதினார் என்பது முக்கியம். ஸ்பெக்ட்ரம் முழுப் புரோகிராமையும் ஒரே நீளக் கட்டாக எழுதி, கடைசியில் சரிபார்க்க ஒரே ஒரு பைட் வைக்கும். நடுவில் ஒரு இடம் தேய்ந்தாலும் மொத்தமும் பிழை என்று சொல்லிவிடும். பிபிசி 256 பைட் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சரிபார்ப்பு வைக்கும். தேய்ந்த கட்டை மட்டும் பின்னால் ஓட்டித் திரும்பப் படிக்கலாம், ஒரு பதிவில் கெட்டது இன்னொரு பதிவில் கிடைக்கும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த கேசட் பிபிசியில் எழுதியது. அவர் அப்பா அப்பள வியாபாரக் கணக்குக்குப் போட்ட புரோகிராம். இருபத்தோரு கட்டில் இருபது முதல் நாளே வந்துவிட்டது. மிச்சம் ஒன்றுக்கு மூன்று டெக் மாற்றி, ஸ்குரூவைத் திருகித் திருகிப் பதினோராவது பதிவில் கிடைத்தது. பட்டியலை ஓடவிட்டபோது கடன் வைத்த கடைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அந்த அம்மா ஒவ்வொரு பெயராகப் படித்து, எந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை மெஷினை அணைக்கவில்லை.

கேசட் வைத்திருப்பவர்கள் கூரியரில் அனுப்ப வேண்டாம். காந்தம் இருக்கும் ஸ்பீக்கர் பக்கத்திலும் பைக் டேங்க் பைக்குள்ளும் வைக்காமல், கையோடு கொண்டுவாருங்கள்.